கடனில் மூழ்கிய கம்பெனிக்கு ஒரு புரோகிராமர் தலைவரானபோது

சடோரு இவாட்டா என்ற பெயரைச் சொன்னால் வீடியோ கேம் ரசிகர்களிடமிருந்து ரெண்டு விதமான கதைகள் வரும். ஒன்று, நின்டெண்டோவின் தலைவராக இருந்து டிஎஸ், வீ என்ற கருவிகளை உலகம் முழுக்கக் கொண்டுபோன நிர்வாகியின் கதை. இன்னொன்று, மற்றவர்கள் கைவிட்ட நிரலை ஒரே வாரத்தில் முடித்துக் கொடுக்கும் மந்திரவாதியின் கதை. ரெண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ரெண்டுக்கும் நடுவில் ஏழு வருடங்கள் இருக்கின்றன. 1993 முதல் 2000 வரை, ஹால் லேபரட்டரி என்ற சின்ன ஸ்டூடியோவின் தலைவராக அவர் இருந்த காலம். பெரும்பாலான கட்டுரைகள் அதை ரெண்டு பத்தியில் தாண்டிப் போய்விடும். எனக்கு அதுதான் அவர் வாழ்க்கையின் மையமாகப் படுகிறது.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். என் துறையில் நாற்பது என்பது ஒரு சங்கடமான வயது. கோட் எழுதிக்கொண்டே இருந்தால் "இன்னுமா கோட் எழுதுறீங்க?" என்பார்கள். மேனேஜர் ஆனால், இருபது வருடம் சேர்த்த கைத்திறனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு எக்செல் தாளோடு குடித்தனம் நடத்த வேண்டியதுதான். ரெண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்று நாங்கள் எல்லோருமே நம்புகிறோம். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி என்று பார்ப்பதற்கு இவாட்டாவின் ஹால் வருடங்களைப் போல இன்னொரு உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அவருடைய பேட்டிகளையும், சக ஊழியர்கள் அவரைப் பற்றிச் சொன்னவற்றையும் மொழிபெயர்ப்பில் படித்து எடுத்த குறிப்புகளைத்தான் இங்கே கோத்திருக்கிறேன்.

நூறு படிகளில் ஒரு விளையாட்டு

இவாட்டா பிறந்தது 1959 டிசம்பர் 6, ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் உள்ள சப்போரோ நகரத்தில். அப்பா அரசு அதிகாரி; பின்னாளில் முரோரன் என்ற ஊருக்கு மேயராகவும் இருந்தவர்.

பள்ளியில் படிக்கும்போது அவர் கையில் கிடைத்தது எச்பி-65 என்ற கால்குலேட்டர். நிரல் எழுதக்கூடிய கால்குலேட்டர் அது. மொத்த நிரலும் 100 படிகளுக்குள் அடங்க வேண்டும். திரை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரே வரியில் சிவப்பு எண்கள் மின்னும், அவ்வளவுதான். அதிலே அவர் விளையாட்டுகள் எழுதி, வகுப்பில் பக்கத்துப் பெஞ்ச் நண்பனிடம் கொடுத்து ஆடவிட்டார். அந்த நண்பன் சிரித்ததுதான் தனக்கு முதல் ஊக்கம் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் எழுதிய முதல் நிரலுக்கே எதிரில் ஒரு ஆள் இருந்தான்.

1978-இல் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் கணினி அறிவியல் படிக்கச் சேர்ந்தார். அதே காலத்தில் கொமடோர் பெட் என்ற கணினியை வாங்கினார். அதன் மூளை 6502 என்ற சிப். அன்றைக்கு ஜப்பானில் வீட்டுக் கணினி என்றால் பெரும்பாலும் இசட்-80 சிப்தான். 6502 தெரிந்தவர்கள் குறைவு. அந்தக் கணினியைப் பிரித்துப் பார்த்து, அதன் உள்விவரம் எல்லாம் அவருக்கு அத்துப்படி ஆகிவிட்டது.

டோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில் செய்பு என்ற பெரிய அங்காடி. அதன் கணினிப் பிரிவுதான் அவருக்கு வார இறுதிப் புகலிடம். தான் எழுதிய நிரலைக் கொண்டுபோய் அங்கே ஓட்டிக் காட்டுவார். அப்படிக் கூடிய கூட்டத்தையும் கடைக்காரர்களையும் வைத்து 1980-இல் உருவானதுதான் ஹால் லேபரட்டரி. பெயருக்கு அவர் சொன்ன காரணம் வேடிக்கையானது. ஆங்கில எழுத்து வரிசையில் எச், ஏ, எல் மூன்றும் ஐ, பி, எம் மூன்றுக்கும் ஒரு படி முன்னால் வரும். ஐபிஎம்மை விட ஒரு அடி முன்னே, அதனால் ஹால்!

படிக்கும்போதே அங்கே பகுதிநேர வேலை. 1982-இல் படிப்பு முடிந்ததும் முழுநேரமாகச் சேர்ந்துவிட்டார். கையில் நல்ல பல்கலைக்கழகப் பட்டம் இருக்க, ஒரு கை விரல்களில் எண்ணிவிடக்கூடிய ஆட்கள் உள்ள கம்பெனிக்கு மகன் போனதில் அப்பாவுக்குக் கோபம். ஆறு மாதம் மகனிடம் பேசவில்லை. கடல் தாண்டினாலும் அப்பாக்கள் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.

1983 ஜூலையில் நின்டெண்டோ ஃபேமிகாம் கருவியை வெளியிட்டது. அதற்குள் இருந்தது 6502-இன் வழித்தோன்றல். அதாவது இவாட்டா வருடக்கணக்கில் உருட்டிக்கொண்டிருந்த அதே குடும்பம். இது அதிர்ஷ்டம். ஆனால் அதிர்ஷ்டம் வந்து கதவைத் தட்டும்போது இவர் வீட்டில் இருந்தார்.

புள்ளிக்குப் பின்னால் வரும் எண்

ஃபேமிகாமுக்கு ஹால் செய்து கொடுத்த ஆரம்ப விளையாட்டுகளில் ஒன்று கோல்ஃப், 1984-இல் வந்தது. 18 குழிகள் கொண்ட முழு மைதானத்தையும் அன்றைய கார்ட்ரிட்ஜின் சில பத்து கிலோபைட்டுக்குள் அடக்க வேண்டும். தரவைச் சுருக்கி வைக்க அவரே ஒரு முறையை உருவாக்கி, தனி ஆளாக நிரலை எழுதி முடித்தார். வேகத்துக்கு ஒரு அழுத்து, குறிக்கு ஒரு அழுத்து என்று நகரும் பட்டையைப் பார்த்துப் பொத்தானைத் தட்டும் முறை அதில் இருந்தது. பின்னால் வந்த கோல்ஃப் விளையாட்டுகளில் அது வழக்கமாகிவிட்டது.

பலூன் ஃபைட் கதை இன்னும் சுவையானது. ரெண்டு பலூனைக் கட்டிக்கொண்டு காற்றில் மிதக்கும் ஆள். பொத்தானைத் தட்டினால் இறக்கை அடித்து மேலே எழும்புவான். இதற்கு ஆர்கேட் இயந்திரப் பதிப்பு ஒன்று, ஃபேமிகாம் பதிப்பு ஒன்று. ஆர்கேட் பதிப்பை எஸ்ஆர்டி என்ற நிறுவனத்தின் தோஷிஹிகோ நகாகோ குழு செய்தது. ஃபேமிகாம் பதிப்பை எழுதியவர் இவாட்டா. ஃபேமிகாம் பதிப்பில் ஆள் மிதப்பது அதிக வழுவழுப்பாக இருந்தது. எப்படி என்று நகாகோ கேட்டார். இவாட்டா சொல்லிக் கொடுத்தார்.

அந்தப் பதிலைக் கொஞ்சம் விளக்குகிறேன். திரையில் ஒரு பொம்மையின் இடத்தை முழு எண்ணாக வைத்தால் அது ஒவ்வொரு சட்டகத்திலும் ஒரு புள்ளி நகரும், அல்லது ரெண்டு புள்ளி நகரும். நடுவில் எதுவும் இல்லை. வினாடிக்கு 60 சட்டகம் என்றால் வேகம் 60 புள்ளி அல்லது 120 புள்ளி. மெல்ல வேகமெடுப்பது, மெல்ல நிற்பது எல்லாம் நடக்காது. கியர் ரெண்டே ரெண்டு உள்ள வண்டி மாதிரி. இந்தச் சிப்புக்குத் தசம எண் கணக்கும் நேரடியாகத் தெரியாது. அப்போது என்ன செய்வது? இடத்தைக் குறிக்க ஒரு பைட்டுக்குப் பதில் ரெண்டு பைட் எடுத்துக்கொள்வது. ஒன்றில் முழு எண், இன்னொன்றில் 256-இல் ஒரு பங்கு கணக்கில் பின்னம். கூட்டல் எல்லாம் ரெண்டையும் சேர்த்து நடக்கும். திரையில் வரையும்போது மட்டும் முழு எண்ணை எடுத்துக்கொள்ளும். அன்றைய எட்டு பிட் சிப்புகளில் பின்னத்தைக் கையாளும் பொதுவான வழி இது. ஈர்ப்பு விசை இழுப்பதும், இறக்கை அடிப்பதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, கண்ணுக்கு மிதப்பது போலவே தெரியும்.

நகாகோ இதைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம் 1985 செப்டம்பரில் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ். அதில் மரியோ தண்ணீருக்குள் நீந்தும் கட்டங்களில் இந்தப் பாடம் உபயோகப்பட்டதாக இவாட்டாவும் நகாகோவும் பிறகு ஒரு உரையாடலில் நினைவுகூர்ந்தார்கள். அந்த விளையாட்டில் இவாட்டாவின் பெயர் கிடையாது. கேட்டவருக்குச் சொல்லிக் கொடுத்தார், அவ்வளவே. ஒரு புரோகிராமர் தன் கையில் இருக்கும் வித்தையை இன்னொரு கம்பெனிக்காரருக்குத் தயங்காமல் சொன்னது, பின்னால் அவர் நடத்திய நிர்வாகத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறது.

150 கோடி யென்

1990-களின் ஆரம்பத்தில் ஹால் தள்ளாடியது. யமனாஷி மலைப் பகுதியில் புதிய இடம், செலவுகள், அதற்கேற்ப விற்காத விளையாட்டுகள். 1992-இல் திவால் நிலைக்கு வந்தபோது கடன் சுமார் 150 கோடி யென்.

அந்த நேரத்தில்தான் ஒரு சின்ன விஷயம் நடந்தது. மசாஹிரோ சகுராய் என்ற இளைஞர் வடிவமைத்த கேம் பாய் விளையாட்டு ஒன்றை வேறு பெயரில் ஹாலே வெளியிட இருந்தது. விளம்பரம் போய், முன்பதிவும் வாங்கியாகிவிட்டது. ஆனால் நின்டெண்டோவின் ஷிகெரு மியாமோட்டோ அதைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் மெருகேற்றினால் நன்றாக வரும் என்றார். வெளியீட்டை நிறுத்தினார்கள். பணத்துக்குப் பறந்துகொண்டிருக்கும் கம்பெனி, தயாராக இருக்கும் சரக்கை நிறுத்திவைக்கிறது என்றால் விற்பனைப் பிரிவு எப்படிக் கொதித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். திருத்தி, பெயர் மாற்றி, நின்டெண்டோ வழியாக 1992 ஏப்ரலில் வெளிவந்தது. அதுதான் முதல் கிர்பி. 50 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது.

ஆனால் அது மட்டும் கம்பெனியைத் தூக்கி நிறுத்தப் போதவில்லை. நின்டெண்டோவின் தலைவர் ஹிரோஷி யமவுச்சி கை கொடுக்க முன்வந்தார், ஒரு நிபந்தனையோடு: இவாட்டா தலைவராக வேண்டும். 1993-இல் அவர் பொறுப்பேற்றபோது வயது 33. நிர்வாகம் படித்தவரில்லை. அதற்கு முன் ஒரு கம்பெனியை நடத்திய அனுபவமும் இல்லை.

புதிய தலைவர் முதலில் என்ன செய்வார்? செலவைக் குறைப்பார், ஆட்களைக் குறைப்பார், ஒரு திட்டத்தைப் பெரிய திரையில் போட்டுக் காட்டுவார். இவாட்டா செய்தது வேறு. ஊழியர்கள் எல்லோரோடும், 80-90 பேர் இருந்திருப்பார்கள், ஒவ்வொருவராகத் தனித்தனியே உட்கார்ந்து பேசினார். சிலரோடு 20 நிமிடம், சிலரோடு மூன்று மணி நேரம். இந்த வேலையில் சந்தோஷமாக இருக்கிறீர்களா என்பதிலிருந்து பேச்சு தொடங்கும். ஒரு தடவையோடு விடவில்லை. வருடத்துக்கு ரெண்டு முறை, ஹாலில் இருந்தவரை செய்தார்.

இதைப் படித்ததும் "நல்ல மனுஷன்" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு இதில் தெரிவது ஒரு புரோகிராமரின் பழக்கம். ஒரு நிரல் மெதுவாக ஓடினால் அனுபவம் இல்லாதவர் உடனே கண்ணில் பட்ட இடத்தைச் சரிசெய்ய ஆரம்பிப்பார். அனுபவம் உள்ளவர் முதலில் அளப்பார். நேரம் எங்கே போகிறது? நிரலின் மிகச் சின்னப் பகுதிதான் பெரும்பங்கு நேரத்தைத் தின்றுகொண்டிருக்கும். மற்ற இடங்களை எவ்வளவு செதுக்கினாலும் மொத்த வேகம் மாறாது. பாட்டிலின் கழுத்து எவ்வளவு குறுகலோ அவ்வளவுதான் தண்ணீர் வரும். கம்பெனியிலும் அப்படித்தான், எங்கே அடைத்திருக்கிறது என்று தெரியாமல் எல்லோரும் தங்களுக்குத் தெரிந்த வேலையை மும்முரமாகச் செய்துகொண்டிருப்பார்கள் என்று அவரே பேசியிருக்கிறார். ஒரு நிரலின் அடைப்பைக் கண்டுபிடிக்க அளவுகருவி உண்டு. 90 பேர் உள்ள கம்பெனியின் அடைப்பைக் கண்டுபிடிக்க ஒரே வழி, 90 பேரையும் கேட்பது.

இன்னொன்றும் சொல்வார். நிரல் ஓடவில்லை என்றால் கணினியைத் திட்டிப் பிரயோசனமில்லை; பிழை எழுதியவனிடம்தான் இருக்கும். அதே மாதிரி, தான் சொன்னது எதிராளிக்குப் புரியவில்லை என்றால் சொன்ன விதத்தில்தான் கோளாறு என்று எடுத்துக்கொண்டாராம். மேனேஜர்கள் பெரும்பாலும் இதை நேர்மாறாகச் செய்வதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

சுமார் ஆறு வருடத்தில் அந்தக் கடன் அடைந்தது.

ரெண்டு வருஷமா, ஆறு மாசமா?

ஹாலை மீட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில் இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. ஷிகெசாட்டோ இடோய் ஜப்பானில் பிரபலமான விளம்பர எழுத்தாளர். அவர் உருவாக்கிக்கொண்டிருந்த மதர் 2 என்ற விளையாட்டு (மேலை நாடுகளில் எர்த்பவுண்ட்) நாலு வருடமாக இழுத்துக்கொண்டு கிடந்தது. முடியும் என்ற நம்பிக்கையே போய்விட்ட நிலை. இவாட்டா வந்து பார்த்துவிட்டு ரெண்டு வழி சொன்னார். இருப்பதை வைத்துக்கொண்டு சரிசெய்தால் ரெண்டு வருடம் ஆகும். முதலிலிருந்து எழுதலாம் என்றால் ஆறு மாதம். எது வேண்டும்?

இடோய் ரெண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். மெருகேற்றும் வேலையும் சேர்த்து மொத்தம் ஒரு வருடம் ஆனது. 1994 ஆகஸ்ட்டில் விளையாட்டு வெளிவந்தது.

"முதலிலிருந்து எழுதலாம்" என்பது எங்கள் துறையில் ஆபத்தான வாக்கியம். பழைய கோட் அசிங்கமாக இருக்கிறது என்று புதிதாக ஆரம்பித்து, அதையும் அதே அசிங்கத்தில் கொண்டுபோய் நிறுத்திய குழுக்கள் ஏராளம். இவாட்டா விஷயத்தில் அது ஏன் பலித்தது? நாலு வருட உழைப்பை அவர் தூக்கிப் போடவில்லை என்பதுதான் பதில். கதை, வசனம், படம், இசை எல்லாம் அப்படியே இருந்தன. மாற்றியது அவற்றைத் தாங்கும் நிரலை. அதிலும் முதலில் செய்தது விளையாட்டை அல்ல, அதைச் செய்வதற்கான கருவிகளை.

இது ஏன் முக்கியம் என்றால், ஒரு ஊரின் வரைபடத்தில் ஒரு மரத்தை நகர்த்த வேண்டும், ஒரு கிழவியின் வசனத்தில் ஒரு வார்த்தையை மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கும் புரோகிராமரிடம் போய்க் காத்திருக்க வேண்டும் என்றால், பத்து பேர் குழுவில் ரெண்டு பேர் வேலை செய்ய எட்டு பேர் வரிசையில் நிற்பார்கள். வரைபடத்தை அவர்களே திருத்தி, வசனத்தை அவர்களே மாற்றி, உடனே ஓட்டிப் பார்க்க ஒரு கருவி கையில் கிடைத்தால் பத்து பேரும் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். திறமையான புரோகிராமர் தன் வேகத்தைக் கூட்டுவார். இவர் மற்றவர்கள் காத்திருக்கும் நேரத்தைக் குறைத்தார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ரெண்டாவதுதான் பெரிய தொகை.

வழியைத் தானே முடிவு பண்ணாமல் ரெண்டையும் முன்னால் வைத்துக் கேட்டதையும் கவனிக்க வேண்டும். அது இடோயின் படைப்பு. நாலு வருடம் போராடிய குழு அங்கே உட்கார்ந்திருக்கிறது. வெளியிலிருந்து வந்த ஒருவர் "நீங்க செஞ்சது எல்லாம் வேஸ்ட்டு" என்ற தொனியில் நுழைந்திருந்தால் நிரல் ஜெயித்தாலும் குழு உடைந்திருக்கும்.

தலைவர் கோட் எழுதினால்

தலைவரான பிறகும் அவர் கோட் எழுதுவதை நிறுத்தவில்லை. போக்கிமான் முதல் விளையாட்டுகளின் சண்டைப் பகுதியை நின்டெண்டோ 64 கருவிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. கேம் பாயின் எட்டு பிட் சிப்பும் நின்டெண்டோ 64-இன் சிப்பும் முழுக்க வேறு வேறு குடும்பம். விளக்க ஆவணம் என்று எதுவும் கிடையாது. இவாட்டா மூல நிரலை வரி வரியாகப் படித்து, ஒரு வாரத்தில் அதைப் புதிய கருவியில் ஓடவைத்தார். அந்தச் சண்டை நிரலை எழுதிய ஷிகேகி மொரிமோட்டோ, இவர் என்ன மாதிரி கம்பெனித் தலைவர் என்று வியந்துபோனாராம். விளையாட்டு 1998-இல் வந்தது.

இங்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். போக்கிமான் கோல்ட், சில்வர் விளையாட்டுகளில் பழைய கான்டோ நிலப்பகுதி முழுவதும் ரெண்டாம் பாதியாக வரும். இவாட்டா நிரலைச் சுருக்கிக் கொடுத்ததால்தான் அது இடம்பிடித்தது என்ற கதை இணையம் முழுக்க ஓடுகிறது. பேட்டியில் அவர் தன் பங்காகச் சொல்வது, படங்களைச் சுருக்க ஒரு கருவி செய்து கொடுத்தேன் என்பது மட்டுமே. அதிலிருந்து "தனி ஆளாக ஒரு கண்டத்தையே நுழைத்தார்" என்பது வாய்வழி வளர்ச்சி. எனக்கு என்னவோ நிஜம்தான் அதிகம் பிடித்திருக்கிறது. மறுபடியும் கருவி! மறுபடியும் அடுத்தவர் வேலையை எளிதாக்கும் வேலை.

1999 ஜனவரியில் வந்த சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் இப்படிப் பிறந்ததுதான். சகுராய் யோசனையையும் வடிவத்தையும் பார்த்துக்கொள்ள, தலைவர் வார இறுதிகளில் நிரல் எழுதினார். முதலில் பெயர் தெரியாத பொம்மைகள் மோதிக்கொள்ளும் ஒரு மாதிரி வடிவம். பிறகு, மரியோ மாதிரியான நின்டெண்டோ பாத்திரங்களை வைத்தால் நன்றாக இருக்குமே என்று, அனுமதி கேட்பதற்கு முன்பே போட்டுப் பார்த்து, ஓடவைத்துவிட்டுத்தான் காட்டினார்கள். ஸ்லைடு காட்டிக் கேட்பதற்கும் ஓடுகிற பொருளைக் காட்டிக் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் புரோகிராமர்களுக்குத் தெரியும்.

சரி, இதையெல்லாம் படித்துவிட்டு மேனேஜர்கள் எல்லாம் கோட் எழுத வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. எழுதியது வார இறுதியில் என்பதை மறக்கக் கூடாது. அந்த நேரத்தின் விலையை யாரோ கொடுத்திருப்பார்கள். 90 பேர் கம்பெனியில் முடிவது 9,000 பேர் கம்பெனியில் முடியாது. தவிர, மேனேஜர் வந்து கோட்டில் கை வைத்தால் குழுவின் கை கட்டிப்போய்விடும் என்ற ஆபத்தும் உண்டு. இவாட்டா எழுதியவற்றைப் பட்டியல் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் ரெண்டு வகை: யாரும் கையில் எடுக்க முடியாமல் கிடந்தது, அல்லது மற்றவர் வேலை நடக்கத் தேவைப்பட்டது. பளபளப்பான பகுதியை அவர் தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை. கிர்பியைக் கேட்டால் சகுராய் என்பார்கள், மதர் என்றால் இடோய். இருவரும் இவாட்டாவைத் தவிர்த்துவிட்டு அந்தக் கதையைச் சொன்னதில்லை.

கடைசி மூன்று வாரம்

2000-இல் யமவுச்சி அவரை நின்டெண்டோவுக்கே அழைத்துக்கொண்டார். நிறுவனத் திட்டமிடல் பிரிவின் தலைமை. அடுத்த வருடம் ஸ்மாஷ் பிரதர்ஸின் அடுத்த பாகமான மெலீ, பிழைகள் தீராமல் தேதியைத் தவறவிடும் நிலைக்கு வந்தது. இவாட்டா யமனாஷிக்குப் போய் மூன்று வாரம் உட்கார்ந்து கோட்டைப் படித்தார், பிழை திருத்தினார், மற்றவர் திருத்தியதைச் சரிபார்த்தார். 2001 நவம்பரில் விளையாட்டு சொன்ன தேதியில் வந்தது. களத்தில் இறங்கிப் பொறியாளராகத் தான் செய்த கடைசி வேலை அதுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்போது வயது 41.

2002 மே மாதம் நின்டெண்டோவின் நாலாவது தலைவரானார். 1949 முதல் அந்த நாற்காலியில் இருந்த யமவுச்சி, தன் குடும்பத்துக்கு வெளியே ஒருவரிடம் கொடுத்தது அதுவே முதல் முறை. அதன்பின் நடந்தது பலருக்கும் தெரிந்ததே. 2004-இல் டிஎஸ், 2006-இல் வீ. முன்னது 15 கோடிக்கும் மேல், பின்னது 10 கோடிக்கும் மேல் விற்றன. போட்டியாளர்கள் திரையின் தரத்தைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, விளையாடாதவர்கள் ஏன் விளையாடுவதில்லை என்ற கேள்வியை இவர் எடுத்துக்கொண்டார். மறுபடியும் அதே அளவெடுக்கும் புத்திதான்: அடைப்பு எங்கே? சிப்பின் வேகத்தில் இல்லை. பதினாறு பொத்தான்களைப் பார்த்து மிரண்டு போகும் அம்மாவிடமும் தாத்தாவிடமும் இருக்கிறது.

ஹாலில் செய்த தனிப் பேச்சுகளை ஆயிரக்கணக்கான பேர் உள்ள கம்பெனியில் தொடர முடியாது. ஆனால் 2006 முதல் 'தலைவர் கேட்கிறார்' என்று ஒரு தொடர் வந்தது. ஒவ்வொரு விளையாட்டையும் செய்தவர்களை உட்காரவைத்து, கம்பெனித் தலைவரே பேட்டி எடுத்து வெளியிடுவார். கேள்விகளைப் படித்தால் தெரியும், பதில் தெரிந்த ஆள் கேட்கும் கேள்விகள் அவை.

சம்பளத்தில் பாதி

அவர் கணக்கு எப்போதும் சரியாக வந்தது என்று சொல்ல முடியாது. 2011-இல் 3டிஎஸ் கருவியை ஜப்பானில் 25,000 யெனுக்கு வெளியிட்டார்கள். விற்கவில்லை. ஆறே மாதத்தில் 15,000 யெனுக்கு இறக்க வேண்டியதாயிற்று. முழு விலை கொடுத்து முதலில் வாங்கியவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? 2012-இல் வந்த வீ யூ இன்னும் மோசம். அது புதிய கருவியா, பழைய வீக்கு ஒரு துணைப்பொருளா என்றே பலருக்குப் புரியவில்லை. மொத்தம் 1 கோடியே 35 லட்சம் சொச்சம்தான் விற்றது. 2012, 2013, 2014 மார்ச்சில் முடிந்த மூன்று நிதியாண்டுகளிலும் நின்டெண்டோவுக்கு இயக்க நஷ்டம். எதிராளிக்குப் புரியவில்லை என்றால் சொன்ன விதத்தில் பிழை என்று சொன்ன மனிதர், ஒரு கருவியின் பெயரிலேயே வழுக்கினார்.

அப்போது அவர் செய்தவை ரெண்டு. 2011-இல் தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். 2014-இலும் சில மாதங்களுக்கு அதையே செய்தார். 2013-இல் முதலீட்டாளர்கள் ஆட்குறைப்பு பற்றிக் கேட்டபோது, குறுகிய காலக் கணக்குக்காக ஆட்களைக் குறைத்தால் மிச்சம் இருப்பவர்களின் மனம் விட்டுப்போகும், வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இருப்பவர்களால் மக்களை அசத்தும் மென்பொருளைச் செய்ய முடியும் என்று நான் நம்பவில்லை என்ற பொருளில் பதில் சொன்னார்.

இதையும் தேவவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். நின்டெண்டோவிடம் அப்போது கையிருப்புப் பணம் ஏராளமாக இருந்தது. பல வருட நஷ்டத்தைத் தாங்க முடிந்தது. 2014-இல் அதன் ஐரோப்பியக் கிளை ஜெர்மனியில் ஓர் அலுவலகத்தை மூடி ஆட்களைக் குறைக்கவும் செய்தது. ஆனாலும் அந்தப் பதிலின் அடித்தளத்தை நான் மதிக்கிறேன். நல்ல விளையாட்டு வருவதற்குத் தடையாக இருப்பது எது என்று அவர் கணக்குப் போட்டார். ஆட்களின் எண்ணிக்கை அல்ல, அவர்கள் மனதில் உள்ள பயம் என்று முடிவுக்கு வந்தார். 1993-இல் 90 பேரோடு உட்கார்ந்து பேசியவருக்கு அந்த முடிவு அனுபவத்திலிருந்து வந்தது.

2014 ஜூனில் அவருக்குப் பித்தநாளத்தில் கட்டி இருப்பது தெரிந்து அறுவை சிகிச்சை நடந்தது. திரும்பி வந்தார். 2015 மார்ச்சில், என்எக்ஸ் என்ற புனைபெயரில் ஒரு புதிய கருவி தயாராகிறது என்று அறிவித்தார். 2015 ஜூலை 11 அன்று இறந்தார். வயது 55. என்எக்ஸ் 2017 மார்ச்சில் ஸ்விட்ச் என்ற பெயரில் வந்தபோது பார்க்க அவர் இல்லை. அந்தக் கருவியின் மென்பொருளுக்குள், அவர் தனி ஆளாக எழுதிய அதே 1984 கோல்ஃப் விளையாட்டு ஒளித்துவைக்கப்பட்டிருந்ததைச் சில மாதம் கழித்துக் கண்டுபிடித்தார்கள். ஜூலை 11 என்ற தேதியில், அவர் ஒளிபரப்புகளில் காட்டும் கைச்சைகையைச் செய்தால் மட்டும் அது திறக்கும். பின்னால் ஒரு அப்டேட்டில் எடுத்துவிட்டார்கள்.

இனி முதலில் கேட்டதற்கு வருகிறேன். கோட் எழுதுவதா, மேனேஜர் ஆவதா? இவாட்டா 41 வயதில் கோட் எழுதுவதை விட்டார். அவருக்கும் அந்த நாள் வந்தது, தப்பிக்கவில்லை. ஆனால் கோட் எழுதும்போது பழகிய ஒன்றை அவர் கூடவே கொண்டுபோனார்: யூகிக்காமல் அளந்து பார், அடைப்பைக் கண்டுபிடி, அடுத்தவன் காத்திருக்கும் நேரத்தைக் குறை. அது எந்த மொழியிலும் எந்தச் சிப்பிலும் இல்லாத திறமை. அலமாரியில் வைத்துப் பூட்டவும் முடியாது. பதவி மாறும்போது நாம் இழப்பதாக நினைத்துப் பயப்படுவது பெரும்பாலும் விசைப்பலகையைத்தான்.

என் குழுவில் பதினோரு பேர். இந்தக் குறிப்புகளை எழுதத் தொடங்கிய பிறகு மாதம் ஒருமுறை ஒவ்வொருவரிடமும் தனியாக ஒரே கேள்வி கேட்கிறேன்: "இப்போ நீங்க யாருக்காகக் காத்துக்கிட்டிருக்கீங்க?" இதுவரை கிடைத்த பதில்களில் பாதிக்கு மேல் எனக்குத் தெரியாத விஷயம். நீங்களும் கேட்டுப் பாருங்கள். கேட்பதற்கு மேனேஜராக இருக்க வேண்டும் என்பதில்லை.